யார் வழி?

போன வருடம் ஆடி மாதம், ஒரு மதியம். சிதம்பரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். என் பெரியப்பா மகள். “ரிப்போர்ட் வந்துடுச்சுடி. எனக்கு ஒண்ணும் புரியல, நீயே படிச்சுச் சொல்லு” என்றாள். வாட்ஸப்பில் நான்கு பக்கங்கள் வந்தன. மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்ததன் சாரம் இதுதான்: கேசிஎன்எச்2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அந்த மாறுபாட்டால் என்ன ஆகும் என்பது நிச்சயமாகத் தெரியவில்லை.

நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து அக்காவின் மாமியார் குரல் கேட்டது. “அதெல்லாம் இருக்கட்டும். யார் வழியில வந்துச்சுன்னு போட்டிருக்கானா?”

அறிக்கையில் அது இல்லை. அந்த வீட்டில் மட்டும் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அக்கா மகளுக்கு அப்போது 15 வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு நேரம். விடியற்காலை 4 மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்து உட்கார்ந்தவள், அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டாள். அரை நிமிடத்தில் தெளிந்தாள். அதற்கு முந்தைய வருடமும் பள்ளியில் மணி அடித்தபோது ஒருமுறை விழுந்திருக்கிறாள். அப்போது வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இந்த முறை பார்த்த டாக்டரம்மா, “மணிச் சத்தத்துல விழுந்தாளா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டும் பகுதிக்கு க்யூடி இடைவெளி என்று பெயர். பெண்களுக்கு அது 460 மில்லி விநாடியைத் தாண்டினாலே டாக்டர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளுக்கு 495.

நீள் க்யூடி நோய் என்று சந்தேகித்து அன்றே பீட்டா தடுப்பான் மாத்திரை தொடங்கினார்கள். மரபணுச் சோதனையும் செய்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னது நான்தான். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

*

அப்படிச் சொல்லும் தைரியம் எனக்கு வந்தது என் பழைய வேலையால். கடலூர் முதுநகரில் பிறந்தவள் நான். அப்பா துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதினார். பாசஞ்சர் ரயிலில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை தாண்டிச் சிதம்பரம் போய், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன். நரம்பில் செய்தி ஓடுவது எப்படி என்ற பாடம் அங்கேதான் நடந்தது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் ஊசிக்கணவாயின் பெரிய நரம்பிழையை எடுத்து அதற்குள் கம்பி செருகி மின்னழுத்தத்தை அளந்தார்கள். 1952இல் அவர்கள் எழுதிய கணக்குதான் இன்றைக்கும் அடிப்படை. சோடியம் உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. அதுதான் நரம்பின் துடிப்பு. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் கணவாய் ஆய்வது என் வேலை. இந்த வழவழப்பான பிராணியிலா இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்கு அரிவாள்மணை முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சோடியமும் பொட்டாசியமும் போக வர, செல்லின் சவ்வில் புரதத்தாலான வாசல்கள் உண்டு. அவைதான் அயனிக் கால்வாய்கள். இதயத்தில் பொட்டாசியத்தை வெளியேற்றி ஒவ்வொரு துடிப்பையும் முடித்துவைக்கும் கால்வாய்களில் ஒன்றின் பெயர் ஹெர்க். அதைச் செய்வதற்கான குறிப்பு கேசிஎன்எச்2 மரபணுவில் இருக்கிறது. பெயருக்குப் பின்னே ஒரு கதை உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணு பழ ஈக்களில் கெட்டுப்போனபோது, ஈத்தர் மயக்கத்தில் அவை காலை உதறி ஆடினவாம். அக்காலத்து நடன விடுதியை நினைத்து ஆராய்ச்சியாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆடலரசன் ஊரில் படித்த எங்களுக்கு இது பெரிய வேடிக்கை.

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த வாசல் சரியான நேரத்தில் திறந்து பொட்டாசியத்தை வெளியே விட வேண்டும். திறப்பது குறைந்தால் துடிப்பு முடிவதற்குத் தாமதமாகும். அந்த நேரம் பார்த்துத் திடீர்ச் சத்தமோ அதிர்ச்சியோ வந்தால் இதயம் தாளம் தவறி, மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுவார். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சரியாகாமலும் போகலாம்.

*

படிப்பு முடித்து பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நான்கு வருடம் இருந்தேன். இப்படிப்பட்ட மாறுபாடுகளைச் சோதிப்பதே அங்கே என் வேலை. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்று சில வாரம் போதும். மாறியதால் வாசல் கெட்டதா, இல்லையா என்று சொல்லத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் அதே எழுத்துப் பிழையோடு மரபணுவை நாமே செய்ய வேண்டும். பிறகு அதை ஒரு செல்லுக்குள் அனுப்ப வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஹெக் 293 என்ற செல் வகை. 1970களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. 293 என்பது அதைச் செய்த ஃபிராங்க் கிரஹாமின் சோதனை எண். பெண் கரு என்றுதான் அதன் குரோமோசோம்கள் காட்டுகின்றன. உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் அந்தச் செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. செல்லுக்கு எண் இருக்கிறது. அந்தக் கருவைச் சுமந்தவளின் பெயர் எங்கள் குறிப்பேடு எதிலும் இல்லை. இரவு வேலையில் இன்குபேட்டரைத் திறக்கும்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்வேன்.

செல்லின் மேல் கால்வாய் வந்ததும் பேட்ச் கிளாம்ப். எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் 1976இல் வெளியிட்ட முறை. 1991இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகல முனை கொண்ட கண்ணாடிக் குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபடி செல்லின் சவ்வில் மெல்ல வைத்து, வாயால் லேசாக உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் மின்சாரம் வேறெங்கும் கசியாது. பிறகு அழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று அளக்க வேண்டும். பக்கத்தில் யாராவது கதவைச் சாத்தினால் ஒட்டு விட்டுப்போகும். ஒரு நாளில் எட்டுச் செல் கிடைத்தால் நல்ல நாள். ஒன்றும் கிடைக்காத நாட்களும் உண்டு.

இயல்பான கால்வாயையும் மாறிய கால்வாயையும் தனித்தனியே அளப்பது போதாது. இரண்டையும் ஒரே செல்லில் சேர்த்தும் அளக்க வேண்டும். நோயாளிக்கு ஒரு பெற்றோரிடமிருந்து வந்த நல்ல படியும் இருக்குமே. ஹெர்க் கால்வாய் நான்கு துண்டுகள் சேர்ந்து அமைவது. சில மாறுபாடுகளில் கெட்ட துண்டு நல்ல துண்டுகளோடு கலந்து மொத்தத்தையும் கெடுத்துவிடும். சிலவற்றில் நல்லது சமாளித்துக்கொள்ளும். இன்னொன்றையும் அங்கே கற்றேன். சோதிக்கப்பட்ட ஹெர்க் மாறுபாடுகளில் பெரும்பாலானவற்றில் வாசல் உடைந்திருப்பதில்லை. புரதம் செய்யப்படுகிறது. சரியாக மடியவில்லை என்று செல்லே அதை உள்ளே நிறுத்திவைத்துவிடுகிறது. அது மேற்பரப்புக்கு வந்து சேருவதே இல்லை. சிலவற்றைக் குறைந்த வெப்பத்தில், 27 டிகிரியில் வளர்த்தால் வெளியே வந்து ஒழுங்காக வேலை செய்யும். வெளியே விட்டால் வேலை செய்யக்கூடியதுதான் என்று அந்த வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு தோழி சொன்னாள். ஆய்வகத்தில் நாங்கள் ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் புரிந்தது.

இந்த முடிவுகளை வைத்து ஒரு மாறுபாட்டை ஐந்து வகைக்குள் ஒன்றில் போடுவார்கள்: நோய் தருவது, நோய் தரக்கூடியது, நிச்சயமில்லாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. 2015இல் அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் வகுத்த விதிகளை இன்று பெரும்பாலான நாடுகள் பின்பற்றுகின்றன. முறையாகச் செய்த செயற்பாட்டுச் சோதனைக்கு அதில் கனமான இடம் உண்டு. சோதனை நடக்காதவரை நடுவில் இருக்கும் மூன்றாம் வகையிலேயே பலவும் தங்கிவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த மூன்றாம் வகை சற்று அதிகம். இதுவரை படிக்கப்பட்ட மரபணுக்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம்மிடையே சாதாரணமாகக் காணப்படும் மாறுபாடுகூட அந்தப் பட்டியலில் புதியதாகத் தெரியும். ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்துத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்தது 2025 ஜனவரியில்தான்.

“சிதம்பர ரகசியம் மாதிரி இருக்குதுடி. திரையை விலக்கினா உள்ளே ஒண்ணுமில்ல” என்றாள் அக்கா. ஒன்றுமில்லை என்றில்லை அக்கா, இன்னும் யாரும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்றேன். ஆய்வகத்தில் இருந்தவரை ‘நிச்சயமில்லை’ என்ற சொல் எனக்கு நேர்மையின் அடையாளம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறார்களே என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அது ஒரு வீட்டுக்குள் போனால் என்ன செய்யும் என்று யோசித்ததில்லை.

*

பெற்றோர் இருவரும் சோதித்துக்கொண்டால் நல்லது என்று அறிக்கையின் கடைசியில் எழுதியிருந்தது. அக்கா அடுத்த வாரமே ரத்தம் கொடுத்தாள். அத்தானுக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. அக்காவிடம் அந்த மாறுபாடு இருக்கிறது என்று முடிவு வந்தபிறகு அவர் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

“உங்க வழிதான்” என்றார் மாமியார். அன்றைய பேச்சில் 15 வருடத்துப் பழைய கணக்கும் வெளியே வந்தது. பாப்பா பிறந்த இரண்டாம் மாதம், நள்ளிரவில் போன் மணி அடித்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா மயங்கி விழுந்திருக்கிறாள். பச்சை உடம்புக்காரியைக் காற்று அடித்துவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். எங்களுக்கு அது தெரியாது. “அப்பவே உடம்புல குறையோட கட்டிக் குடுத்திருக்கீங்க” என்று இப்போது சொன்னார்கள். பாப்பாவை நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்றார்கள். நோய் உறுதி என்று எந்தத் தாளிலும் இல்லை. குற்றம் மட்டும் உறுதியாகிவிட்டது.

ஒரு விஷயத்தை விளக்கலாம் என்று சிதம்பரம் போனேன். கேசிஎன்எச்2 இருப்பது 7ஆம் குரோமோசோமில். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் இரண்டு படிகள் உண்டு. தாயிடமிருந்து வரும் வாய்ப்பும் தகப்பனிடமிருந்து வரும் வாய்ப்பும் ஒன்றுதான். வந்தபிறகு அது தெரிகிற விதத்தில்தான் வித்தியாசம். வயதுக்கு வந்தபின் ஆண்களின் க்யூடி இடைவெளி குறைகிறது. டெஸ்டோஸ்டிரோன் அதைச் சுருக்குகிறது. பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஹெர்க் சம்பந்தப்பட்ட இந்த வகை நோயில் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் வரும் 9 மாதங்கள் குறிப்பாக ஆபத்தானவை. தூக்கமில்லை, ஹார்மோன்கள் மாறுகின்றன, குழந்தையின் அழுகை எந்த நேரமும் தூக்கிப்போடுகிறது. வாந்திக்கும் சில இடங்களில் பால் சுரக்கவும் கொடுக்கிற டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளும், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் இதே கால்வாயை அடைத்து இடைவெளியை நீட்டக்கூடியவை. அந்தத் தொந்தரவும் பெண்களுக்கே அதிகம். ஆகவே ஆண் சுமந்தால் பல சமயம் வெளியே தெரியாது. பெண் சுமந்தால் விழுவாள். விழுந்தவளைப் பார்த்து ஊர் ‘பெண் வழி’ என்று சொல்லிவிடும்.

சொன்னேன். காபி கொடுத்தார்கள். “நீ படிச்ச பொண்ணு, பேசுவே” என்றார் மாமியார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கேத்லீன் ஃபோல்பிக்கை நினைத்தேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். 1989க்கும் 1999க்கும் இடையில் அவருடைய நான்கு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒரு குழந்தையும் இரண்டு வயதை எட்டவில்லை. ஒரே வீட்டில் நான்கு குழந்தைகள் எப்படி இறக்கும் என்று கேட்டு, பதில் தெரியாத இடத்தில் தாயை வைத்தார்கள். தாய்மையின் சோர்வையும் குற்ற உணர்ச்சியையும் எழுதிவைத்த அவருடைய நாட்குறிப்பே அவருக்கு எதிரான சாட்சி. 2003இல் 40 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் 30 ஆனது.

கரோலா வினுவேசா என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாவும் அந்தத் தாயின் மரபணுவைப் படித்தபோது கால்மாடுலின் என்ற புரதத்தில் ஒரு மாறுபாட்டைக் கண்டார்கள். இதயத்தின் கால்சியம் கால்வாய்களை நெறிப்படுத்தும் புரதம் அது. இரண்டு மகள்களிடமும் அதே மாறுபாடு இருந்தது. மகன்களிடம் இல்லை. கண்டுபிடித்தது மட்டும் போதவில்லை. 2019 விசாரணை தீர்ப்பை மாற்றவில்லை. டென்மார்க்கில் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டாஃப்ட் ஓவர்கார்ட் குழுவினரும் மற்றவர்களும் அந்தப் புரதத்தைச் செய்து அளந்தார்கள். மாறிய புரதம் கால்சியத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை, கால்வாயைச் சரியாக அடக்கவுமில்லை. இதயம் தாளம் தவறப் போதுமான காரணம் இருக்கிறது என்று எழுதினார்கள். 2021இல் 90 விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் அவருக்கு மன்னிப்புக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். 2023 ஜூன் 5 அன்று விடுதலை. டிசம்பர் 14 அன்று தண்டனைகள் ரத்து. இருபது ஆண்டுகள் உள்ளே இருந்திருக்கிறார்.

அந்தச் சோதனைகூட ‘இதனால்தான் இறந்தார்கள்’ என்று சொல்லவில்லை. இப்படியும் இறந்திருக்கலாம் என்றது. தாய் கொன்றாள் என்ற முடிவில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்று ஆக்க அது போதுமாக இருந்தது. நான் உறிஞ்சிய கண்ணாடிக் குழாய்களின் மறுமுனையில் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கக்கூடும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

*

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு வெடி கிடையாது. மத்தாப்பு, சங்குசக்கரம் மட்டும். கேட்டால் “நமக்கு ஆகாது” என்று பாட்டி முடித்துவிடுவாள். காரணம் எனக்குத் தெரிந்தது கல்லூரி போனபிறகுதான்.

1979 தீபாவளி. அப்பாவின் தங்கை பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்து 40 நாள். விடியற்காலை தெருவில் முதல் வெடி வெடித்தபோது அத்தை வாசலுக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாளாம். விழுந்தவள் எழவில்லை. வயது 22. பயந்து செத்தாள் என்றார்கள். பேய் என்றார்கள். அவள் புகுந்த வீட்டார் வேறொன்று சொன்னார்கள்: தாயை முழுங்கிய பிள்ளை.

அக்காவின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் இரவு எங்கள் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்தேன். அக்காவுக்கு அது வந்தது பெரியம்மா வழியாகவும் இருக்கலாம், பெரியப்பா வழியாகவும் இருக்கலாம். இருவரும் இன்று இல்லை. பெரியம்மா வீட்டுப் பக்கம் யாரும் விழுந்ததாகக் கேள்வி இல்லை. பெரியப்பாவின் தங்கை விழுந்திருக்கிறாள். பெரியப்பா 78 வயதுவரை ஒரு நாளும் மயங்காமல் வாழ்ந்தவர். வரைந்த கோடு பெரியப்பாவில் நிற்கவில்லை. அவர் தம்பியான என் அப்பாவுக்கு வந்தது. அப்பாவிலிருந்து எனக்கு வந்தது.

மற்றவர்களின் கால்வாய்களை நான்கு வருடம் அளந்தவள், என் ரத்தத்தைக் கொடுக்க ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். எனக்கும் அத்தானுக்கு இருந்தது போலவே வேலை இருந்தது.

கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். 71 வயது. முழுவதும் கேட்டுக்கொண்டார். “தங்கச்சிக்கும் இதுதான்கறியா?” என்றார். தெரியாதுப்பா, ரத்தமும் இல்லை, ஈ.சி.ஜி.யும் இல்லை, எப்போதும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அன்னைக்கு அந்த வெடிய வச்சது நான்தான்” என்றார். 45 வருடமாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

அடுத்த நாள் கடலூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும், “எனக்கு மொதல்ல எடும்மா” என்று கையை நீட்டினார்.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. அப்பாவிடம் இருக்கிறது. எனக்கு இல்லை. எனக்குச் சந்தோஷமில்லை என்று எழுதினால் பொய். அப்பாவின் க்யூடி இடைவெளி 462. ஆணுக்கு 450ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எந்த மருந்து எடுக்கக் கூடாது என்று பட்டியல் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட மயங்காத 71 வயது மனிதரிடம் அது இருப்பதை மாறுபாடு தீங்கற்றது என்பதற்கும் காட்டலாம், ஆண்களிடம் ஒளிந்திருக்கும் என்பதற்கும் காட்டலாம். ஆக, மாறுபாடு இன்னும் மூன்றாம் வகையில்தான் இருக்கிறது. பெங்களூர் ஆய்வகத்துக்கு எழுதியிருக்கிறேன். வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

அதுவரை ஒன்றும் நின்றுவிடவில்லை. பாப்பா மாத்திரை சாப்பிடுகிறாள். அதை முடிவுசெய்தது ஈ.சி.ஜி., மரபணு அறிக்கை இல்லை. அவளை எழுப்ப அக்கா அலாரம் வைப்பதில்லை, காலைத் தொட்டு எழுப்புகிறாள். இதைப் படிக்கும் பெண்களுக்கும் அதைத்தான் சொல்வேன். சத்தத்திலோ ஓடும்போதோ நீந்தும்போதோ பயத்திலோ மயங்கி விழுந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், வலிப்பு என்றோ காற்றுக் கருப்பு என்றோ விடும் முன் ஓர் ஈ.சி.ஜி. எடுத்து க்யூடி இடைவெளியை அளந்து சொல்லும்படி கேளுங்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தால் கட்டாயம் கேளுங்கள். இந்த நோயின் ஒரு வகை காதையும் சேர்த்துப் பாதிக்கும். மரபணுச் சோதனை என்றால் அம்மாவின் ரத்தத்தோடு அப்பாவின் ரத்தத்தையும் அதே நாளில் கொடுங்கள். தனியாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டேன்.

*

40 நாள் குழந்தையாக இருந்த அத்தை மகள் இப்போது நெய்வேலியில் இருக்கிறாள். அண்ணி என்று கூப்பிடுவேன். மாற்றாந்தாயிடம் வளர்ந்தவள். அவளுக்கு இரண்டு மகள்கள். அத்தையிடம் இது இருந்திருந்தால் அவளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஐப்பசியில் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தேன்.

வாசல்கள், பொட்டாசியம், சத்தம், பிரசவத்துக்குப் பின் 9 மாதம், எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். “அப்ப எங்கம்மா என்னால சாவலையா?” என்றாள்.

ஒரு விஞ்ஞானி சொல்லக்கூடிய பதில் எனக்கு மனப்பாடம். தெரியாது, தெரிந்துகொள்ள வழியில்லை, நிச்சயமில்லை. சிதம்பரத்து வீட்டில் அந்தச் சொல்லை வைத்து அக்காவைக் கட்டிப்போட்டார்கள். அதே சொல்தான் என் வாயிலும் வந்தது. “எதனால செத்தாங்கன்னு தெரியாது அண்ணி. ஒன்னால இல்லைங்கறது மட்டும் தெரியும்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுக்கிறேன் என்றாள். நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்து, “இப்பச் சொன்னியே, அத எழுதிக் குடுப்பியா?” என்று கேட்டாள். எதற்கு அண்ணி என்றேன்.

“எங்கிட்ட வச்சுக்க.”